உள்ளம் ஒளிந்துகொள்ளும்போது



நம் பேச்சு வழக்கில் உள்ள சில தொடர்களை முதலில் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ‘உடல் இங்கே இருக்கிறது, உள்ளம் எங்கோ இருக்கிறது’ என்கிறோம். பெருந்துயரச் செய்தி கேட்டவரைக் குறித்து, ‘மனம் மரத்துப் போய்விட்டது’ என்கிறோம். திகிலுற்று அசைவற்று நிற்கும் பிள்ளையைப் ‘பேயறைந்தாற்போல் நிற்கிறான்’ என்கிறோம். கோபம் தணிந்த பிறகு, ‘அப்போது நான் என் வசத்தில் இல்லை’ என்று கூறுவாரும் உண்டு. இத்தொடர்களை ஆக்கியவர்கள் உளநூல் பயின்றவர்கள் அல்லர். ஆயினும் மனிதரை உற்று நோக்கியவர்கள். உள்ளம் சில வேளைகளில் உடலை விட்டு, நினைவை விட்டு, ஏன், தன்னையே விட்டு விலகி நிற்கும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

இவ்விலகலை மருத்துவ அறிஞர்கள் ‘டிஸ்ஸோஸியேஷன்’ என்பர். நாம் அதனை ‘மனவிலகல்’ என்று வழங்குவோம். பெருந்துன்பத்திற்கு ஆளான குழந்தைகளிடத்தும் வளரிளம் பருவத்தினரிடத்தும் இது எவ்வாறு தோன்றுகிறது, இதனை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பனவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவக் கல்லூரியில் பேச வேண்டியதை மாணவரிடம் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் விடை கூறுகிறேன். இத்துன்பம் வெளிப்படும் இடங்களுள் வகுப்பறை முக்கியமானது. அங்கே அது நோய் என்ற பெயரோடு வருவதில்லை. சோம்பல், பொய், அடங்காமை, மந்தபுத்தி என்ற பெயர்களோடு வருகிறது. பெயர் தவறினால் மருந்தும் தவறும். மருந்துக்குப் பதிலாகப் பிரம்பு கிடைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

முதலில் இயல்பான மனவிலகல் எது என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். பேருந்தில் கதைப் புத்தகம் படித்துக்கொண்டே சென்று, இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கடந்துவிடுகிறீர்கள். கண் திறந்திருந்தது, நடத்துனரின் குரலும் காதில் விழுந்தது, ஆயினும் மனம் அங்கே இல்லை. சிறு குழந்தை கண்ணுக்குத் தெரியாத தோழனோடு பேசி விளையாடுகிறது. இவற்றில் அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. அழைத்தால் திரும்பி வரக்கூடிய மனம் நலமுள்ள மனமே.

நம் மனத்தில் நினைவு, உணர்ச்சி, உடலைப் பற்றிய அறிவு, ‘இது நான்’ என்னும் எண்ணம் ஆகிய பல இழைகள் உள்ளன. நாள்தோறும் இவை ஒரே கயிறாக முறுக்கப்பட்டு இயங்குகின்றன. தாங்க முடியாத அச்சம் நேரும்போது இம்முறுக்கு அவிழ்கிறது. நடந்தது நினைவில் நிற்கும், அதற்குரிய அழுகை வராது. அல்லது அழுகை வரும், அதற்குரிய காரணம் நினைவில் இராது. அடி விழுந்த உடம்பு தன்னுடையது அன்று என்பதுபோல் தோன்றும். இவ்வாறு இழைகள் தனித்தனியே பிரிந்து நிற்றலே நோயாகிய மனவிலகல்.

இது ஏன் நிகழ்கிறது? மழைக்காலத்தில் மரவட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குச்சியால் தொட்டவுடன் அது சுருண்டு வட்டமாகிவிடுகிறது. அதனால் ஓடவும் இயலாது, எதிர்த்துப் போரிடவும் இயலாது. எனவே தன்னைத் தானே மூடிக்கொள்கிறது. வளர்ந்த மனிதனுக்கு ஆபத்து வந்தால் எதிர்க்கலாம், அல்லது ஓடலாம். ஐந்து வயதுக் குழந்தை எங்கே ஓடும்? அடிப்பவரே சோறு போடுபவராகவும் இருந்தால் யாரிடம் முறையிடும்? உடல் ஓட வழியில்லாதபோது உள்ளம் ஓடிவிடுகிறது. அந்த வேளையில் அது குழந்தையின் உயிரைக் காத்த கவசம். ஆபத்து நீங்கிய பின்னும் கவசம் கழலாமல் ஒட்டிக்கொள்வதே பின்னாளில் நோயாகிறது. மரவட்டையைப் பற்றி இன்னொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். குச்சியால் குத்தக் குத்த அது இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொள்ளும். விட்டுவிட்டால் தானே மெல்ல விரியும். சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

குழந்தையின் மனவிலகலைப் பொறுமையோடு கவனித்து எழுதிவைத்த பழைய வரலாறு ஒன்று உண்டு. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற எக்ஸ் என்ற ஊர், இன்று பிரான்ஸ் நாட்டிற்கு உரியது. அக்காலத்தில் சார்டினிய அரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே டெஸ்பீன் என்ற முதிய மருத்துவர் இருந்தார். 1836ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்திலிருந்து எஸ்தெல் என்ற 11 வயதுச் சிறுமியை அவரிடம் கொண்டு வந்தார்கள். நடக்க இயலாது; உடலில் கடும் வலி; பிறர் தொட்டாலும் பொறுக்க மாட்டாள். விளையாட்டில் தோழி ஒருத்தி இலேசாகத் தள்ளியதால் கீழே விழுந்ததிலிருந்து இத்துன்பம் தொடங்கியது என்றார்கள். அதற்கு முன்னரே, 1832ஆம் ஆண்டுக் காலரா நோயில் அவள் தந்தை இறந்திருந்தார்.

டெஸ்பீன் முதலில் வெந்நீர்ச் சிகிச்சையும் மின்சாரச் சிகிச்சையும் செய்து பார்த்தார். பின்னர் அக்காலத்தில் வழங்கிய ஒருவகை மயக்கு உறக்க முறையைக் கையாண்டார். அப்போதுதான் வியப்பான செய்தி வெளிப்பட்டது. எஸ்தெலுக்கு இரண்டு நிலைகள் இருந்தன. ஒரு நிலையில் அவள் படுத்த படுக்கை. மருத்துவரிடம் மரியாதைச் சொற்களில் பேசுவாள். மற்றொரு நிலையில் எழுந்து நடப்பாள், ஓடுவாள், பனிக்கட்டியில் விளையாடுவாள். மருத்துவரை ஒருமையில் அழைப்பாள். நடக்கும் பிள்ளை நடக்க முடியாது என்று நடிக்கிறாள் என்று எண்ணத் தோன்றும் அல்லவா? டெஸ்பீன் அவ்வாறு எண்ணவில்லை. இரண்டு நிலைகளையும் மெய்யென்றே ஏற்றார். இரண்டு நிலைகளிலும் அவளோடு உரையாடினார். மாதங்கள் செல்லச் செல்ல இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. 1837ஆம் ஆண்டில் எஸ்தெல் நலம் பெற்று ஊர் திரும்பினாள். இவ்வரலாற்றை டெஸ்பீன் நூலாக எழுதி வெளியிட்டார். அவருடைய மயக்கு உறக்க முறையை இன்று நாம் பின்பற்ற வேண்டியதில்லை. நோயாளியின் சொல்லைப் பொய்யென்று தள்ளாத அவருடைய பொறுமைதான் இன்றும் பின்பற்றத் தக்கது.

இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் ஓர் ஆசிரியர் என்பதை மகிழ்ச்சியோடு கூறுகிறேன். பியேர் ழானே என்பவர் பிரான்ஸில் லெ ஆவ்ர் என்னும் துறைமுக நகரத்துப் பள்ளியில் தத்துவம் கற்பித்து வந்தார். ஓய்வு நேரத்தில் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து, 1889ஆம் ஆண்டில் தம் பேராய்வை வெளியிட்டார். அவர் கண்ட நோயாளிகளுள் லூசி என்ற 19 வயது இளம்பெண் ஒருத்தி. காரணம் இல்லாமல் அவளைத் திகில் பற்றும். ஆராய்ந்தபோது, அவளுக்கு 7 வயதாக இருக்கையில் திரைக்குப் பின் ஒளிந்திருந்த ஆடவர் சிலர் வேடிக்கைக்காக அவளைப் பயமுறுத்திய செய்தி வெளிப்பட்டது. விழித்த மனத்திற்கு அது நினைவில்லை. விலகி நின்ற மனத்திற்கு அது நேற்று நடந்ததுபோல் இருந்தது. துன்ப நினைவு அழிவதில்லை, தனியே ஒதுங்கி நின்று தன்போக்கில் இயங்குகிறது என்று ழானே காட்டினார். பெரியவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றுவது குழந்தைக்குப் பெருங்காயமாகலாம் என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.

அவ்வாறாயின் துன்பம் நேர்ந்த குழந்தைகள் எல்லாரும் மறந்துவிடுவார்களா? இல்லை. 1976ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த சௌச்சில்லா என்னும் சிற்றூரில், 26 பிள்ளைகளோடு வந்த பள்ளிப் பேருந்தை ஆயுதம் தாங்கிய மூவர் மறித்தனர். பிள்ளைகளையும் ஓட்டுநரையும் வேறு வண்டிகளில் ஏற்றி, நூறு கல் தொலைவுக்கு அப்பால் கற்சுரங்கம் ஒன்றில் மண்ணில் புதைத்து வைத்திருந்த பார வண்டிக்குள் அடைத்தனர். ஏறத்தாழ 16 மணி நேரத்திற்குப் பின் அவர்கள் தாமே வழி உண்டாக்கித் தப்பினர். அனைவரும் பிழைத்தனர். மனநல மருத்துவர் லெனோர் டெர் அப்பிள்ளைகளைப் பின்னர்ச் சந்தித்தும், நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்தித்தும் ஆராய்ந்தார். அச்சத்தின் வடு எல்லாரிடமும் இருந்தது. ஆனால் அவர்கள் மறக்கவில்லை. நடந்ததை விவரமாகச் சொன்னார்கள்.

இத்தகைய பல குழந்தைகளைக் கண்ட பிறகு, 1991ஆம் ஆண்டில் டெர் ஒரு பாகுபாட்டைக் கூறினார். ஒரே முறை நேரும் பேரிடர் ஒருவகை. மீண்டும் மீண்டும் நேரும் கொடுமை மற்றொரு வகை. முதல் வகையில் நினைவு கூர்மையாக நிற்கும். இரண்டாம் வகையில், ‘இன்றும் நேரும், நாளையும் நேரும்’ என்று எதிர்பார்க்கும் குழந்தை, மரத்துப் போகவும் விலகவும் கற்றுக்கொள்கிறது. மனவிலகல் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையின் விளைவு.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில், வறுமை முதலிய இடர்கள் சூழ்ந்த குடும்பங்களில் பிறந்த 168 குழந்தைகளை 19 வயது வரை தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. அருகே இருந்தும் மனத்தால் எட்ட முடியாத தாயிடம் வளர்ந்ததும், கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயிடம் செல்வதா விலகுவதா என்று குழம்பி நின்றதும் பிற்கால மனவிலகலை முன்கூட்டியே காட்டின. இது தாயைக் குறைகூறுவது ஆகாது, அத்தாய்மாரும் துன்புற்றவர்களே. ஆறுதல் கூறும் கை அருகில் இல்லாத குழந்தைக்குச் சிறிய அடியும் பெரிதாகிறது என்பதே இதன் கருத்து. மறுதலையாக, ஆறுதல் கூறும் கை ஒன்று இருந்தாலே பெரிய அடியும் ஓரளவு தாங்கத் தக்கதாகிறது.

இனி இது வகுப்பறையில் எப்படித் தோன்றும்? செல்வி என்று ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 13. திங்கட்கிழமை இயற்கணிதக் கணக்கைத் தவறின்றிப் போட்டவள், செவ்வாயன்று ‘இதை எனக்குச் சொல்லித் தரவே இல்லை’ என்கிறாள். அவள் குறிப்பேட்டில் கையெழுத்து ஒரு பக்கத்தில் ஒருவிதமாகவும் மறுபக்கத்தில் வேறுவிதமாகவும் இருக்கிறது. கதவு ஓங்கிச் சாத்தப்பட்டால் அவள் கண்கள் வெறித்து நிற்கின்றன. பெயர் சொல்லி மூன்று முறை அழைத்த பிறகே திரும்புகிறாள். ஒரு நாள் கரும்பலகைத் துடைப்பானைத் தோழிமேல் எறிந்துவிட்டுச் சிறிது நேரத்தில், ‘நான் எறியவில்லை’ என்று அழுகிறாள். முழங்காலில் காயம்பட்டு இரத்தம் வடிந்தாலும் வலிக்கவில்லை என்கிறாள். ‘உள்ளே ஒருத்தி என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள்’ என்று ஒரு தோழியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

பொய், சோம்பல், நடிப்பு என்று மூன்று சொற்களில் இதை முடித்துவிடலாம். ஆனால் உற்று நோக்கினால் மனவிலகலின் முக்கிய அறிகுறிகள் அனைத்தும் இங்கே உள்ளன: வெறித்த பார்வை, நினைவில் இடைவெளி, திறமையிலும் குணத்திலும் திடீர் ஏற்றத்தாழ்வு, உடல் உணர்வு குன்றுதல், உள்ளே கேட்கும் குரல். கற்ற கணக்கு மறுநாள் மறப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு மனநிலையில் கற்றது, அதே மனநிலையில் எளிதில் நினைவுக்கு வரும். வேறொரு மனநிலையில் எளிதில் வராது. நம் எல்லாரிடமும் சிறு அளவில் உள்ள இவ்வியல்பு, மனவிலகல் உள்ள பிள்ளையிடம் பெருஞ்சுவராக எழுந்துவிடுகிறது.

எனினும் அறிகுறிகளைக் கண்டவுடன் முடிவு கட்டுதல் ஆகாது. வெறித்து நிற்கும் பிள்ளைக்கு ஒருவகைக் கால்கை வலிப்பு இருக்கலாம். அவ்வகை வலிப்பில் கைகால் உதறாது. சில விநாடிகள் பார்வை மட்டும் நிலைகுத்தி, பின்னர் ஒன்றும் நேராததுபோல் பிள்ளை பேச்சைத் தொடரும். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். காது மந்தமாக இருக்கலாம். கவனக் குறைபாடு, தூக்கமின்மை, போதைப்பொருள் ஆகியவையும் காரணமாகலாம். குரல் கேட்பதாகச் சொல்லும் பிள்ளைக்கு வேறுவகை மனநோய் உண்டா என்றும் ஆராய வேண்டும். கற்பனைத் தோழனோடு விளையாடுவதை நோயாகக் கொள்ளக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோய்க் கையேடு தெளிவாகவே கூறுகிறது. சமயச் சடங்கில் ஊரார் ஏற்றுக்கொண்ட முறையில் வரும் ஆவேசத்தையும் அது நோயாகக் கணக்கிடுவதில்லை.

இவற்றையெல்லாம் விலக்கிய பின்னரே மருத்துவர் மனவிலகலை நாடுகிறார். அவருக்கு உதவும் வினாத்தாள்கள் சில உள்ளன. சிறுவர்களுக்காக ஃபிராங்க் பட்னம் என்னும் மருத்துவரும் அவர் துணைவர்களும் அமைத்த பட்டியல் 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 20 கூற்றுகள் உள்ளன. கடந்த 12 மாதங்களில் கண்டதை வைத்துப் பெற்றோரோ காப்பாளரோ ஒவ்வொன்றிற்கும் 0, 1, 2 என மதிப்பிட வேண்டும். கூட்டுத்தொகை 12 அல்லது அதற்கு மேலானால் மேலும் ஆராய்தல் நலம். வளரிளம் பருவத்தினர் தாமே நிரப்பும் 30 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். சராசரி 4 அல்லது அதற்கு மேலானால் ஐயத்திற்கு இடம் உண்டு. ஆனால் இவை வடிகட்டும் சல்லடைகள் மட்டுமே. தேர்வில் மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ச்சியைத் தீர்மானிப்பதுபோல் இங்கே நோயைத் தீர்மானிக்க இயலாது. குழந்தையோடும் பெற்றோரோடும் ஆசிரியரோடும் பலமுறை பேசிய பின்பே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

பேசும் முறையிலும் எச்சரிக்கை தேவை. 1983ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் ஒரு பாலர் பள்ளியைப் பற்றிக் கொடிய குற்றச்சாட்டு எழுந்தது. நூற்றுக்கணக்கான சிறு பிள்ளைகளிடம், ‘இப்படி நடந்தது அல்லவா? மற்றவர்கள் சொல்லிவிட்டார்களே’ என்ற போக்கில், விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டார்கள். நம்ப முடியாத கதைகள் பிறந்தன. 1990ஆம் ஆண்டில் வழக்கு ஒரு தண்டனையும் இன்றி முடிந்தது. குழந்தை சொல்வதைப் பொய்யென்று தள்ளுவது ஒரு தீங்கு. நாம் எண்ணியதைக் குழந்தையின் வாயில் வைப்பது மற்றொரு தீங்கு. ‘என்ன நடந்தது? பிறகு?’ என்று திறந்த கேள்விகளைக் கேட்டு, குழந்தை தன் சொற்களில் கூறுவதைக் கேட்பதே நேரிய முறை.

செல்விக்கு மனவிலகல்தான் என்று மருத்துவர் தெளிந்தார் என்று கொள்வோம். வீட்டில் இரவுதோறும் குடியும் அடிதடியும் என்பதும் தெரியவந்தது. இனிச் சிகிச்சை என்ன? ‘புதைந்த நினைவைத் தோண்டி எடுத்துவிட்டால் நோய் தீரும்’ என்று பலர் எண்ணுகிறார்கள். மரவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தோண்டுவது முதற்பணி ஆகாது. முதற்பணி பாதுகாப்பு. இன்றிரவும் அடி விழும் என்றால், செல்வியின் மனத்திற்கு அந்தக் கவசம் இன்றும் தேவைப்படுகிறது. தேவைப்படும் கவசத்தை எந்த மருத்துவராலும் கழற்ற இயலாது. ஆகவே முதலில் அடி நிற்க வேண்டும். அதற்குத் தாய்க்குத் துணை, உறவினர் உதவி, வேண்டுமாயின் சட்டத்தின் உதவி ஆகிய எல்லாம் சிகிச்சையின் பகுதிகளே.

அடுத்த பணி, மனம் விலகும் வேளையை அறிந்து அதனைத் திரும்ப அழைத்துவரப் பழகுதல். எந்த ஒலி, எந்த மணம், எந்தக் குரல் தன்னை விரட்டுகிறது என்பதைச் செல்வி மருத்துவரோடு சேர்ந்து கண்டறிகிறாள். கதவுச் சத்தம் என்று தெரிகிறது. சத்தம் கேட்டவுடன் பாதத்தைத் தரையில் அழுந்த ஊன்றவும், குளிர்ந்த சுவரைத் தொடவும், கண்முன் உள்ள ஐந்து பொருள்களின் பெயரை மெல்லச் சொல்லவும் பழகுகிறாள். ‘இது வகுப்பறை, இது கரும்பலகை, இன்று புதன்கிழமை.’ எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால் ஐம்புலன்களும் சேர்ந்து, ‘அந்த ஆபத்து இப்போது இல்லை’ என்று மனத்திற்குச் சான்று கூறுகின்றன. அச்சான்றை நம்பி மனம் திரும்பி வருகிறது.

உள்ளே திட்டும் குரலை என்ன செய்வது? அதனை விரட்ட முயன்றால் அது இன்னும் உரக்கப் பேசும். அக்குரலும் செல்வியின் மனத்தின் ஒரு பகுதியே என்பதை மருத்துவர் விளக்குகிறார். வெளியே அடி விழுமுன் உள்ளே எச்சரிப்பதற்காக அது பிறந்திருக்கலாம். எல்லாப் பகுதிகளும் சேர்ந்தே ஒரு செல்வி. எனவே துடைப்பானை எறிந்ததற்குப் பொறுப்பும் அவளுடையதே. மன்னிப்பும் அவளே கேட்க வேண்டும். கனிவும் பொறுப்பும் இவ்வாறு கைகோத்துச் செல்ல வேண்டும். ‘அது அவள் இல்லை’ என்று நாமே பிரித்துப் பேசினால் பிளவை வளர்த்தவர்கள் ஆவோம்.

மூன்றாம் பணி, மனம் வலுவடைந்த பின் துன்ப நினைவுகளைச் சிறிது சிறிதாகச் சொல்லச் செய்தல். இளங்குழந்தைகள் படம் வரைந்தும் பொம்மைகளை வைத்தும் சொல்வார்கள். வளர்ந்தவர்கள் எழுதியும் பேசியும் சொல்வார்கள். தாங்கும் அளவே சொல்ல வேண்டும். நிறைவாக, பிரிந்த இழைகள் மீண்டும் முறுக்கேறி, ‘இது எனக்கு நடந்தது, ஆனால் முடிந்துவிட்டது’ என்று பிள்ளை சொல்லும் நிலை வருகிறது. பாதுகாப்பு, நினைவைச் சந்தித்தல், ஒருங்கிணைதல் என்னும் இவ்வரிசையின் மூலம் ழானேயிடமே காணப்படுகிறது. மனவிலகலை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் குழந்தைகளுக்காக 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும் பாதுகாப்பையும் குடும்பத்தின் பங்கையும் வற்புறுத்துகின்றன. மனவிலகலைத் தீர்ப்பதற்கென்று தனி மாத்திரை இல்லை. உடன் வரும் தூக்கமின்மை, சோர்வு, பதற்றம் ஆகியவற்றிற்கே மருந்து தரப்படுகிறது. குழந்தைகளுக்கான இச்சிகிச்சை இன்னும் பெரும்பாலும் மருத்துவர்களின் அனுபவத்தின்மேல் நிற்கிறது; பெரிய ஒப்பீட்டு ஆராய்ச்சிகள் குறைவு. உங்களுள் உளவியலோ மருத்துவமோ பயில இருப்போர்க்கு இங்கே செய்ய வேண்டிய பணி மிகுதி.

இறுதியாக, மாணவராகிய நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் தோழர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டாதீர்கள். உங்களுக்கு நீங்களே சூட்டிக்கொள்ளவும் வேண்டாம். உடனிருக்கும் ஒருவன் அடிக்கடி வெறித்து நின்றால் கேலி செய்யாதீர்கள். திடீரென்று பின்னாலிருந்து தொடாதீர்கள். எதிரே வந்து பெயர் சொல்லி, ‘நான்தான், இங்கே வகுப்பில் இருக்கிறோம்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவன் தன் துன்பத்தைச் சொன்னால் துருவிக் கேளாமல் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவன் சத்தியம் கேட்டாலும், இதற்கு மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். நம்பத் தகுந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். மனநல உதவிக்கு 14416 என்ற எண் உள்ளது. 18 வயதுக்கு உட்பட்டவர்மேல் பாலியல் கொடுமை நிகழ்ந்தது தெரிந்தால், காவல்துறைக்கு அறிவிப்பதை 2012ஆம் ஆண்டுச் சட்டம் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

இப்பேச்சைக் கேட்பவருள் செல்வியைப் போன்ற ஒருவர் இருக்கவும் கூடும். அவரிடம் ஒரு சொல். உன் மனம் விலகி நின்றது உன் குற்றம் அன்று. வேறு வழியில்லாத வேளையில் அது உன்னைக் காப்பாற்றியது. இப்போது வேறு வழிகள் உண்டு. ஒருவரிடம் சொல். அவர் கேளாவிட்டால் மற்றொருவரிடம் சொல். கேட்பவர் ஒருவர் கிடைக்கும்வரை சொல்.

ஆசிரியராகப் போகும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லி அமைகிறேன். ‘எனக்கு நினைவில்லை’ என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, பிரம்பையோ பட்டப்பெயரையோ தேடும் முன் ஒரு கணம் நில்லுங்கள். அப்பிள்ளை உண்மையைச் சொல்கிறது என்று ஒருமுறை கருதிப் பாருங்கள். பிறகு கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்குத் தானாகவே தோன்றும்.